இச்சிரான், நாகாசு: முதலில் படிவத்தைக் கவனியுங்கள்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில், நாகா ஆற்றங்கரையில், நாகாசு பகுதியில் இருக்கிறது, ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் இச்சிரானின் தலைமைக் கடை. விமான நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் நாகாசு கவாபாத்தா, இறங்கினால் பொடிநடைதான். ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்கும். எப்போதும் சுற்றுலாக் கூட்டம் மொய்ப்பதால் உள்ளூர்க்காரர்களில் சிலர் இந்தக் கடையைக் கொஞ்சம் இளக்காரமாகவே பேசுவார்கள். விலையைப் பற்றி அவர்கள் சொல்வது நியாயம். ருசியைப் பற்றிச் சொல்வதில் வீம்புதான் அதிகம். இங்கே கிண்ணம் சொதப்பினால் பெரும்பாலும் அடுப்படியில் தப்பு இருக்காது, சாப்பிட வந்தவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில்தான் இருக்கும்.

1960இல் ‘ஃபுதாபா ராமென்’ என்ற தெருக்கடையாகத் தொடங்கி, 1966இல் இச்சிரான் என்று பெயர் மாறியது. இங்கே விற்பது ஒரே வகை ராமென்: ஃபுகுவோகாவின் ஹகாத்தா பகுதிப் பாணியில் செய்யும் டோன்கொட்சு, அதாவது பன்றி எலும்புச் சூப். பன்றி எலும்பைத் தளதளவென்று மணிக்கணக்கில் கொதிக்கவைப்பார்கள். எலும்பிலிருந்து இறங்கும் பசையும் கொழுப்பும் அந்தக் கொதியில் தண்ணீரோடு கலந்து, பிரியாமல் வெள்ளையாக நிற்கும். சிறு தீயில் வைத்தால் சூப் தெளிவாகத்தான் வரும், இந்த வெண்மை வராது. பழைய ஹகாத்தா கடைகளில் வாசலிலேயே எலும்பு வாடை முகத்தில் அடிக்கும். இச்சிரான் அந்த வாடையை முழுக்க எடுத்துவிட்டது. புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரம். அந்த வாடைக்காகவே டோன்கொட்சு தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஏதோ குறைவதாகத் தோன்றும்.

வாசலில் டோக்கன் மெஷின். முதலில் பணம், பிறகு பொத்தான். 1,000 யென் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் ஜப்பானில் புது நோட்டுகள் வந்தபோது, பழைய மெஷின் வைத்திருந்த ராமென் கடைகள் பலவற்றில் அவை செல்லவில்லை. ஊர் சுற்றும்போது இந்தச் சிக்கல் எங்கேயும் எதிர்ப்படலாம். சாதாரணக் கிண்ணம் 1,000 யென்னை ஒட்டி வரும். கூடுதல் நூடுல்ஸ், முட்டை, கருங்காளான், கூடுதல் இறைச்சி எல்லாவற்றுக்கும் தனித்தனி டோக்கன். எந்த இருக்கை காலி என்று விளக்குப் பலகை காட்டும்.

இருக்கை என்றால் இருபுறமும் மரத் தடுப்பு வைத்த ஓர் ஆள் இடம். எதிரே மூங்கில் திரை, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர்க் குழாய். டோக்கனையும் படிவத்தையும் வைத்தால் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போகும். கிண்ணம் வந்ததும் ஒரு கும்பிடு, திரை இறங்கிவிடும். பரிமாறுபவரின் முகம்கூடத் தெரியாது. ஜோடியாகப் போனால் நடுத்தடுப்பை மடக்கிக்கொள்ளலாம். ஆனால் நாலு பேர் கூடிப் பேசிச் சிரித்துச் சாப்பிட ஏற்ற இடம் இதில்லை.

இனி படிவம். ஆங்கிலம், சீனம், கொரிய மொழிகளிலும் கிடைக்கும். ஏழு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒன்றை வட்டமிட வேண்டும். பலரும் தடுமாறுவது முதல் இரண்டு வரிசைகளில். இரண்டுமே சூப்பின் ‘அழுத்தம்’ பற்றிக் கேட்பதுபோல இருக்கும். உண்மையில் முதல் வரிசை சுவைச் சாறு, அதாவது உப்புச் சுவை. இரண்டாவது, மேலே மிதக்கும் கொழுப்பு. ‘நல்லா ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று இரண்டையும் ஏற்றி வைத்தால் நாலாவது வாயில் திகட்டும், அன்று முழுக்கத் தண்ணீர் தாகம் எடுக்கும். முதல் தடவை இரண்டையும் நடுவிலேயே விடுங்கள். கூடுதல் நூடுல்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முதல் வரிசையில் ஒரு படி ஏற்றலாம்; காரணம் கீழே.

பூண்டு வரிசையில் அரைப்பல், ஒரு பல் என்று அளவே போட்டிருக்கும். பச்சைப் பூண்டு என்பதால் ஒரு பல் போட்டாலே சூப்பின் இனிப்பு அமுங்கிவிடும். வெங்காயத்தாளில் வெள்ளைப் பகுதியா, பச்சையா என்று கேட்பார்கள். பச்சைதான் ஹகாத்தா வழக்கம். கொழுப்புக்கு அதுதான் பொருந்தும். இறைச்சி வேண்டுமா வேண்டாமா என்பது அடுத்த வரிசை.

சிவப்புச் சாறுதான் இந்தக் கடையின் அடையாளம். மிளகாயை மூலமாக வைத்து முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்த்துச் செய்வதாகக் கடை சொல்கிறது. நடு அளவு நம் நாக்குக்கு உறைக்கவே உறைக்காது. இரண்டு பங்கு, மூன்று பங்கு கேட்டால் சரியாக இருக்கும். படிவத்தில் பத்து வரை எண் இருக்கிறதே என்று வீராப்பில் பத்தை வட்டமிட வேண்டாம். உறைப்பு தாங்கும், ஆனால் சூப் காணாமல் போகும். சாறு கிண்ணத்தின் நடுவில் ஒரு வட்டமாக உட்கார்ந்திருக்கும். கலக்காமல் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று கரண்டி வெள்ளைச் சூப்பைக் குடியுங்கள். பிறகு நூடுல்ஸை நடுவழியாக இழுத்துச் சாப்பிட்டால் காரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வந்ததும் கலக்கிவிட்டால் முதல் வாயும் கடைசி வாயும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடைசி வரிசை நூடுல்ஸ் பதம். அசட்டையாக விடக் கூடாத வரிசை இது. ஹகாத்தா நூடுல்ஸ் மெல்லியது, நேரானது, தண்ணீர் குறைவாகப் பிசைந்தது. அதனால் சட்டென்று வெந்துவிடும்; கிண்ணத்துக்குள் வந்த பிறகும் சூப்பை இழுத்துக்கொண்டு வெந்துகொண்டே இருக்கும். கொதிநீரிலிருந்து எடுத்த 15 விநாடிக்குள் பரிமாற வேண்டும் என்று கடை விதி வைத்திருப்பதும் இதனால்தான். ‘கெட்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், நடுவில் லேசாக ஒரு கடி நிற்கும். ‘மிகக் கெட்டி’யில் மாவு வாசம் தட்டும், பழகியவர்களுக்கு அது பிடிக்கும். ‘நடு’ கேட்டுவிட்டுப் பத்துக் கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தால், வாயில் வைக்கும்போது குழைந்திருக்கும். அதற்குக் கடை பொறுப்பில்லை.

கூடுதல் நூடுல்ஸுக்குக் காயெதாமா என்று பெயர். ஃபுகுவோகாவின் நாகாஹாமா மீன் சந்தைப் பக்கத்துக் கடைகளில் தோன்றிய வழக்கம் இது. அவசரத்தில் இருக்கும் சந்தை ஆட்களுக்குக் கொஞ்சமாக, சீக்கிரம் வேகும் நூடுல்ஸைப் போடு. பசித்தால் அதே சூப்பில் இன்னொரு கை போடு. இதைப் பெரிய ஒரே கிண்ணமாகக் கொடுத்தால் பாதியிலேயே கூழாகிவிடும். இச்சிரானில் இதற்கான டோக்கனை முதலிலேயே வாங்கியிருந்தால் ஓர் உலோகத் தகடு தருவார்கள். அதை மேசையில் உள்ள பொத்தான் மேல் வைத்தால், தெருவோர ராமென் வண்டிக்காரர்கள் ஊதும் ‘சாருமேரா’ மெட்டு ஒலிக்கும், ஆள் வந்துவிடும். வாங்காமல் உட்கார்ந்தவர்கள் இருக்கையிலேயே காசு கொடுக்கலாம். பாதி அளவும் கிடைக்கும்.

நேரம்தான் முக்கியம். நூடுல்ஸில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே கூப்பிடுங்கள், சூப்பைத் தொடாமல் பாதிக்கு மேல் வைத்திருங்கள். ஆசையாகச் சூப்பைக் குடித்துவிட்டுக் காயெதாமா கேட்பவர்கள் பிறகு வெறும் நூடுல்ஸைத்தான் மெல்ல வேண்டும். வேகவைத்த நீரும் சூப்பில் கொஞ்சம் சேரும் என்பதால் இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிட நீர்த்துப்போகும். சுவைச் சாற்றை ஒரு படி ஏற்றச் சொன்னது இதற்காகத்தான்.

முட்டை ஓட்டோடு வரும், உரிப்பது உங்கள் வேலை. அரைவேக்காடு என்பதால் அழுத்தி உரித்தால் மஞ்சள் கரு கையோடு வரும். ராமெனுக்கு முன்னால் சாப்பிடுங்கள், சூப்பில் போட்டால் அதன் உப்புப் பதம் தெரியாது.

சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் கிண்ணத்தின் அடியில் ‘இந்த ஒரு துளியே உச்ச மகிழ்ச்சி’ என்ற பொருளில் ஒரு வரி தெரியும். கடைக்காரருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஜப்பான் அரசின் 2020ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு வைத்திருக்கும் உப்பு இலக்கு ஆணுக்கு 7.5 கிராம், பெண்ணுக்கு 6.5 கிராம், ஒரு ராமென் கிண்ணத்தைச் சூப்போடு காலி செய்தால் அதில் பெரும்பங்கு முடிந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த வரியைப் படிக்காமலே வரலாம்.

குறைகளும் உண்டு. இறைச்சித் துண்டு தாள் போல மெல்லியது. ஊர்க் கடைகளில் மேசை மேலேயே இருக்கும் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் காரக் கடுகுக்கீரை ஊறுகாயும் இங்கே இல்லை. கொழுப்பை அறுக்க அவற்றைப் போல எதுவும் வராது. காயெதாமா, முட்டை எல்லாம் சேர்த்தால் 1,300 யென்னைத் தாண்டும். அந்தக் காசுக்கு நாகாஹாமா பக்கத்துச் சாதாரணக் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டு மீதியும் வாங்கலாம். இங்கே கூடுதலாகக் கொடுப்பது, ஜப்பானிய மொழி தெரியாமலே இத்தனை நுணுக்கமாக ஆர்டர் செய்யும் வசதிக்கு. முதல் ராமெனுக்கு அது தகும். மூன்றாவது ராமெனுக்கு ஊர்க் கடைக்குப் போய்விடுங்கள்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு நாகாசுவில் வேலையில்லை. இறைச்சி வேண்டாம் என்று வட்டமிட்டாலும் சூப்பே எலும்புச் சூப்தான். டோக்கியோவில் நிஷி ஷிஞ்சுக்கு இச்சிரானில் பன்றி சேர்க்காத ராமென் உண்டு. ஹலால் பார்ப்பவர்கள் மற்றப் பொருள்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். சைவர்கள் டோக்கியோ ரயில் நிலையத்தில் கெய்யோ ஸ்ட்ரீட்டில் உள்ள ‘டீஸ் தான்தான்’ கடைக்குப் போகலாம். அங்கே முட்டை, பால்கூடச் சேர்ப்பதில்லை. கடை டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பதால், ரயில் ஏறும் அல்லது மாறும் நேரத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.