டிசிபியா, யுடிபியா: காத்திருக்க முடியுமா என்று கேளுங்கள்

டிசிபி (TCP), யுடிபி (UDP) இரண்டும் இணையத்தில் டேட்டாவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறைகள். 'டிசிபி நம்பகமானது, யுடிபி நம்பகமில்லாதது.' நெட்வொர்க்கிங் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால், யுடிபி ஏதோ மட்டமான சரக்கு என்ற எண்ணம் தங்கிவிடும். வழியில் தொலைந்த பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) மறுபடி வரும்வரை எதிர்முனையால் காத்திருக்க முடியுமா? இதைக் கேட்டால் எது வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

டிசிபியில் இரு முனைகளும் மூன்று செய்திகளைப் பரிமாறி இணைப்பை ஏற்படுத்திய பிறகுதான் டேட்டா நகரும். வந்ததற்கு ஒப்புதல் போகும், ஒப்புதல் வராவிட்டால் திரும்ப அனுப்பும், முன்பின்னாக வந்ததை வரிசைப்படுத்தியே ஆப்பிடம் கொடுக்கும். வங்கிப் பரிமாற்றம், மின்னஞ்சல், ஃபைல் டவுன்லோட் போன்றவற்றுக்கு இந்தக் கறார்த்தனம் அவசியம்.

யுடிபியில் இவை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டப்படும் குறிப்பான ஹெடரே 8 பைட்தான், டிசிபிக்குக் குறைந்தது 20. 1980-ல் வந்த யுடிபியின் வரையறை மூன்றே பக்கம்.

இணையவழிக் குரல் அழைப்பை எடுத்துக்கொள்வோம். பேச்சு வழக்கமாக 20 மில்லிசெகண்ட் துண்டுகளாகப் போகிறது. ஒரு துண்டு தொலைந்தால் மென்பொருள் முந்தைய ஒலியை வைத்து ஒட்டுப்போட்டுவிடும், காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. இதையே டிசிபியில் அனுப்பினால், தொலைந்த துண்டு வரும்வரை பின்னால் வந்தவையும் நிற்க வேண்டும். பேச்சு திக்கும், அப்புறம் மொத்தமாகக் கொட்டும். தாமதமாக வந்த குரலால் யாருக்கும் பயனில்லை.

'வீடியோ என்றாலே யுடிபி' என்று பல பாடக்குறிப்புகளில் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். ஆப்பில் பார்க்கும் கிரிக்கெட் நேரலைகூடப் பெரும்பாலும் சில விநாடித் துண்டுகளாக எச்டிடிபி (வலைப்பக்கங்களைக் கொண்டுவரும், வழக்கமாக டிசிபியின் மேல் ஓடும் நெறிமுறை) வழியேதான் வருகிறது. பிளேயர் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்வதால் காத்திருக்க முடியும். டிவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கைதட்டல் கேட்ட பிறகு உங்கள் போனில் பவுலர் ஓடிவருவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

2021-ல் தரநிலையான குவிக் (QUIC) என்ற நெறிமுறை, யுடிபியின் மேல் நம்பகத்தன்மையைத் தானே கட்டிக்கொள்கிறது. வலைப்பக்கத்தில் ஒரு படத்தின் பாக்கெட் தொலைந்தாலும் மற்ற பகுதிகள் நிற்காமல் வரும். எச்டிடிபியின் புதிய பதிப்பான எச்டிடிபி/3 ஓடுவது இதன்மேல்தான்.

சொந்தமாக ஆப் எழுதுகிறீர்களா? டிசிபியில் தொடங்குங்கள். நேரடிப் பேச்சு, வேகமான கேம் என்றால் யுடிபி சரி. ஆனால் நெட்வொர்க் நெரிசலைக் கவனித்து வேகத்தைக் குறைப்பது அப்போது உங்கள் பொறுப்பு. சில அலுவலக ஃபயர்வால்கள் (நெட்வொர்க்கின் காவல் அமைப்புகள்) யுடிபியைத் தடுத்துவிடும் என்பதால், மாற்றாக ஒரு டிசிபி வழியையும் வைத்துவிடுங்கள்.