ரிஃபுவா, பாஸ்டனா, வீட்டுத் திரையா: நிதி திரட்டும் ஸ்கேட்டிங் காட்சியைக் கிருஷ்ணகிரியிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில், கத்தி பொருத்திய காலணியோடு பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கை விரும்பிப் பார்க்கும் நம்மில் பெரும்பாலோர் அதைக் கைபேசித் திரையில்தான் கண்டிருக்கிறோம். இந்தியாவில் பனித்தளங்களே மிகச் சில. சிம்லாவில் 1920 முதல் குளிர்காலத்தில் மட்டும் இயங்கும் திறந்தவெளித் தளம் ஒன்று உண்டு. டேராடூனில் உள்ளரங்கத் தளம் உண்டு. உலகத்தரமான காட்சி ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கடல் கடந்துதான் போக வேண்டும். அப்படி ஒருமுறை போவதற்காகப் பல ஆண்டுகள் பணம் சேர்க்கும் ஒருவர், அந்தப் பணத்தில் ஒரு பங்காவது துயரத்தில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புவது இயல்பு. எனவே வணிகக் காட்சிகளையும் போட்டிகளையும் விட்டுவிட்டு, நிதி திரட்டுவதற்காகவே நடத்தப்படும் காட்சிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இவற்றை ஒப்பிட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து: நாம் அமரும் இருக்கையிலிருந்து எதைப் பார்க்க முடிகிறது, நாம் கொடுக்கும் பணம் எதைச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை; தேர்வு கடினமாவதற்கு அதுவே காரணம்.

முதலில் ஜப்பான். 2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானை 9.0 அளவிலான நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, 16 வயது ஸ்கேட்டிங் வீரர் யுசுரு ஹன்யூ செண்டாய் நகரத்துப் பனித்தளத்தில் பயிற்சியில் இருந்தார். காலணியைக் கழற்றக்கூட நேரமின்றிக் கத்திகளோடேயே வெளியே ஓடினார். தளம் சேதமடைந்து மூடப்பட்டது. பயிற்சிக்கு இடமில்லாத அந்த மாதங்களில் ஊர் ஊராக நடந்த பனிக்காட்சிகளில், ஏறத்தாழ அறுபதில், அவர் கலந்துகொண்டார். பலவும் நிவாரண நிதிக்காக நடந்தவை, அவருக்கோ அவையே பயிற்சிக் களமாகவும் அமைந்தன. பின்னர் 2014, 2018 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்று, 2022 ஜூலையில் தொழில்முறைக்கு மாறிய அவர், 2023 மார்ச்சில் ‘நொத்தே ஸ்டெல்லாட்டா’ என்ற காட்சியைத் தொடங்கினார். மின்சாரம் அறவே நின்றுபோன அந்தப் பேரிடர் இரவில் வானில் தெரிந்த விண்மீன்களின் நினைவு அதன் பெயரில் இருக்கிறது. அந்த நினைவுநாளை ஒட்டி, மியாகி மாநிலத்து ரிஃபு என்ற சிற்றூரின் அரங்கில் அது நடத்தப்படுகிறது. அந்த அரங்கு 2011-இல் இறந்தவர்களின் உடல்கள் வைக்கப்பட்டிருந்த இடம். இதை அறிந்துகொண்டு அங்கே உட்காரும் ரசிகர், எந்தப் பெருநகர அரங்கிலும் கிடைக்காத ஒரு கவனத்தோடு உட்காருவார் என்று நம்புகிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதையும், பேருந்து நிலையத்தருகே நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டதையும் நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பேரிடர் நடந்த இடத்திலேயே அதை நினைவுகூர ஊரார் கூடுவது ஏன் முக்கியம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரிஃபுவின் கலைத்தரம் குறித்து ஐயமே வேண்டாம். ஹேவியர் ஃபெர்னாண்டஸ், ஜேசன் பிரௌன், 2003-இல் பனிநடன உலகப்பட்டம் வென்ற ஷே-லின் பூர்ன், சடோகோ மியாஹரா ஆகிய பெயர்பெற்ற ஸ்கேட்டர்கள் அதில் பங்கேற்றிருக்கிறார்கள். அத்துடன் ஆண்டுதோறும் ஸ்கேட்டிங்குக்கு வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைப்பது அதன் வழக்கம்: 2023-இல் ஜிம்னாஸ்டிக் வீரர் கொஹெய் உச்சிமுரா, 2024-இல் நடிகை மாவோ டைச்சி, 2025-இல் கியோகென் என்ற ஜப்பானிய மரபு நகைச்சுவை நாடகக் கலைஞர் மன்சாய் நோமுரா. தரையில் உச்சிமுரா சுழல்வதையும் பனியில் ஹன்யூ சுழல்வதையும் ஒரே பார்வையில் காண்பது போட்டி அரங்கில் நடக்கவே முடியாத ஒன்று.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. டிக்கெட்டுகள் குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. சீட்டு விற்கும் ஜப்பானிய முகமைகள் பலவும் உள்நாட்டுக் கைபேசி எண்ணைக் கேட்கின்றன. இருக்கை உறுதியாகும் முன் விமானச் சீட்டு எடுப்பது துணிச்சல். உறுதியான பின் எடுத்தால் கட்டணம் ஏறியிருக்கும். விமானம், தங்குமிடம், டோக்கியோவிலிருந்து செண்டாய்க்கு ஒன்றரை மணி நேர ஷின்கான்சென் அதிவேக ரயில் பயணம் எல்லாம் சேர்ந்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும்; அதில் நுழைவுச்சீட்டின் பங்கு சிறியது, அந்தச் சீட்டிலிருந்து உதவிக்குப் போகும் பங்கு அதனினும் சிறியது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் புறப்பட வேண்டும்.

பாஸ்டனின் கணக்கு வேறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எலியட் இல்லம் என்ற விடுதியின் மாணவர்கள் நடத்தும் ‘ஆன் ஈவினிங் வித் சாம்பியன்ஸ்’ காட்சியை 1970-இல் தொடங்கியவர் ஜான் மிஷா பெட்கெவிச். 1968, 1972 ஒலிம்பிக்குகளில் அமெரிக்காவுக்காகக் களமிறங்கிய அவர் அப்போது அங்கே மாணவர். திரளும் நிதி டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு ஆதரவான ஜிம்மி நிதிக்குச் செல்கிறது. நிருவாகம் முழுவதையும் மாணவர்களே ஊதியமின்றிச் சுமப்பதால், சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு நோக்கத்தை நோக்கிச் செல்வதற்கு இந்த அமைப்பு இடம் தருகிறது. பணத்தின் பயனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ரிஃபுவை விடப் பாஸ்டன் ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

பார்வை அனுபவத்திலும் பாஸ்டனுக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. காட்சி நடக்கும் ஹார்வர்டின் ஹாக்கி அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர்தான் அமர முடியும். ரிஃபுவில் அதைப்போல் இருமடங்குக்கு மேல். சிறிய அரங்கில் கடைசி வரிசையும் பனிக்கு அருகில்தான். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் நேரில் மட்டுமே கிடைப்பது வேகமும் ஒலியும். கத்தியின் விளிம்பு ஆழமாகச் சாயும்போது பனியைக் கீறும் ஓசை, தாவும் முன் கத்தியின் நுனியிலுள்ள பற்கள் பனியில் ஊன்றும் ஓசை, தரை தொட்டபின் நீளும் வளைவின் மென்மையான இழுப்பு ஆகியவை தொலைக்காட்சி இசைக்கலவையில் பெரும்பாலும் அமுங்கிவிடுகின்றன. வேகமோ கேமராவில் அறவே தொலைந்துபோகிறது. ஆடுபவரைச் சட்டகத்தின் நடுவில் வைத்தே கேமரா நகர்வதால், நம் கண்ணுக்கு அவர் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலவும் சுவர்தான் ஓடுவதுபோலவும் தெரிகிறது. அருகிலிருந்து முதன்முறை பார்ப்பவர்கள் பலரும் முதலில் வியப்பது அந்த வேகத்தைத்தான்.

இருக்கை பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகப் பணம் கொடுத்துப் பனியோரத்து வரிசையையே தேடுகிறார்கள். முகபாவமும் ஒலியும் வேண்டுவோருக்கு அது சரிதான். ஆனால் நடன அமைப்பு பனியின் மீது வரையும் கோலத்தை, அதாவது எந்த மூலையிலிருந்து எந்த வளைவில் வந்து எங்கே தாவுகிறார் என்பதை, பனியோரத்திலிருந்து பார்க்கவே முடியாது. பத்துப் பதினைந்து வரிசை மேலே போனால்தான் அது கண்ணுக்குப் புலப்படும். ரிஃபு போன்ற பேரரங்கில், குறிப்பாகக் குழு நடனங்களுக்கு, நடுத்தர உயரத்தில் நீண்ட பக்கத்து இருக்கையே சிறந்தது. அது பெரும்பாலும் விலையும் குறைவு.

தாவல்களை எண்ணுவதற்காக மட்டும் போகிறவர் இரண்டிலும் ஏமாறக்கூடும். போட்டியில் வெள்ளை வெளிச்சம் தளம் முழுவதும் பரவியிருக்கும். காட்சியில் இருட்டின் நடுவே ஒரே ஒளிக்கற்றை பின்தொடரும். காற்றில் சுழன்று வருபவருக்குத் தரையும் சுவரும் தெரியாதபோது நான்கு சுற்றுத் தாவல் ஆபத்தானதாகிறது. எனவே பலர் அதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக, புள்ளிகளுக்காகக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய கூறுகள் இல்லாததால், இசை கேட்கிற இடத்தில் நீண்ட சறுக்கையும், சும்மா நிற்கும் ஒரு கணத்தையும் அவர்களால் வைக்க முடிகிறது. என்னைப் பொறுத்தவரை, ஜேசன் பிரௌன் போன்ற ஒருவரின் கலையைப் போட்டியைவிடக் காட்சியிலேயே முழுமையாக உணரலாம்.

மூன்றாவது வகை, முன்கூட்டித் திட்டமிடவே முடியாதது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் அருகே பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். அவர்களில் 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், விச்சிட்டாவில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியரும் பெற்றோரும் பயிற்சியாளர்களும். மார்ச் 2 அன்று வாஷிங்டனில் ‘லெகசி ஆன் ஐஸ்’ என்ற நினைவுக் காட்சி நடந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்குமான நிதியாக 12 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அன்று ஆடியவர்களில் மாக்ஸிம் நௌமோவும் ஒருவர். 1994-இல் இணை ஆட்டத்தில் உலகப்பட்டம் வென்ற எவ்கேனியா ஷிஷ்கோவா, வாடிம் நௌமோவ் இருவரும் அவருடைய பெற்றோர். அந்த விமானத்தில் இருவரையும் இழந்து ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில் அவர் பனியில் இறங்கினார். அந்த ஆட்டத்தைக் கலையின் அளவுகோல்களால் மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

விபத்துக்கும் காட்சிக்கும் இடையே ஒரு மாதமே இருந்தது. அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் நாள் வாங்க வேண்டிய நம்மால், கையில் ஏற்கெனவே விசா இல்லாவிட்டால், இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போகவே முடியாது. நள்ளிரவு தாண்டி விழித்திருந்து இணையத்தில் பார்ப்பதும், நிதிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதுமே நமக்குள்ள வழி; அதில் குறையொன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் வீட்டுத் திரையை இரண்டாந்தரமாகக் கருதும் வழக்கத்தை நான் மறுக்கிறேன். 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் சிதைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று ஹன்யூ, அகிகோ சுசுகி, சடோகோ மியாஹரா, டகாஹிதோ முரா ஆகியோர் கனசாவா நகரில் நோட்டோ மறுகட்டமைப்புக்காக ஆடினார்கள். அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. கட்டண இணைய ஒளிபரப்பே அதன் அரங்கு, அந்த வருவாயே உதவி நிதி. இருக்கை ஏற்பாடு, கூட்ட மேலாண்மை, வெளியூர் ரசிகர்களின் தங்குமிடத் தேவை எதுவும் பாதிக்கப்பட்ட பகுதியின் மீது சுமையாக விழவில்லை. அப்படி அமைக்கப்பட்ட நிகழ்ச்சியில் திரைமுன் அமர்பவரே முழுமையான பார்வையாளர். தொலைவிலிருந்து எட்டிப்பார்ப்பவர் அல்லர். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் ரசிகரும் டோக்கியோவில் இருக்கும் ரசிகரும் அதில் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். ஆனால் ஜப்பானிய ஒளிபரப்புத் தளங்களில் சில வெளிநாட்டுப் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. இந்தியாவிலிருந்து பார்க்க அனுமதி உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பயணச் செலவு முழுவதையும் நன்கொடையாகவே அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் வெளிநாட்டு நன்கொடைக்கு இடம் இருக்கிறது; ஆனால் வெளிநாட்டு அறநிலையத்துக்குக் கொடுத்ததற்கு இந்தியாவில் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. பணத்தின் பயனில் இதை மிஞ்ச வேறொன்றும் இல்லை. எனினும் ரசிகருக்கும் ஆடுபவருக்கும் இடையிலுள்ள உறவு இதில் இடம்பெறுவதில்லை. அந்த உறவை நம்பித்தான் இக்காட்சிகள் ஆண்டுதோறும் நிதி திரட்டுகின்றன.

என் தேர்வைக் கேட்டால், ஆண்டுதோறும் கட்டண ஒளிபரப்பு. வாழ்நாளில் ஒருமுறை ரிஃபு. நிதிக் கணக்கில் பாஸ்டன் முந்தினாலும் ரிஃபுவை முதலில் வைக்கக் காரணம், அங்கே ஆடுபவர், அரங்கு, நாள், நோக்கம் ஆகிய நான்கும் ஒரே நிகழ்விலிருந்து பிறந்தவை என்பதே. பாஸ்டன் பகுதியில் பிள்ளைகளோ உறவினரோ இருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். தங்குமிடச் செலவு போய்விட்டால், வேறு காரியமாக அமெரிக்கா போகும் பயணத்தோடு அந்த மாலைக் காட்சியையும் சேர்த்துக்கொள்வது எல்லா வகையிலும் சிறந்த ஏற்பாடு.

நடைமுறையிலும் ரிஃபுவே நமக்கு எளிது. ஜப்பான் 2024 ஏப்ரல் முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு மின்விசா வழங்குகிறது. பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. பாஸ்டனுக்கு இடையில் மாறித்தான் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் என்றாலும், விமான நிலையம் நகரத்துக்கு அப்பால் வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூர் சாலை நெரிசலையும் சேர்த்துக் குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தருமபுரியிலிருந்து வருபவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. மார்ச்சில் நம் ஊரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், ரிஃபுவிலோ பனிகூடப் பெய்யலாம். அரங்கினுள்ளும் தளத்தின் குளிர்ச்சி காலடியிலிருந்து ஏறும் என்பதால் கம்பளிக் காலுறையையும் சால்வையையும் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.