நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை: ஃபைபர் படகில் எது நிலைக்கிறது?

ஓட்டையை அடைக்கக் கைக்கு எட்டுபவை மூன்று: தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி புட்டி, பாலியூரித்தேன் சீலன்ட், எபாக்சி ரெசினோடு ஃபைபர் துணி. அன்றைக்குத் தண்ணீரை நிறுத்த மூன்றும் போதும். பல பருவம் கழித்துப் படகைக் கரையேற்றிப் பார்த்தால், கடைசியாகச் சொன்னது மட்டும்தான் போட்டபடியே இருக்கிறது.

புட்டியைக் குறை சொல்ல மாட்டேன், கரை சேர்ப்பதுதான் அதன் வேலை. பாசியையும் பெயின்டையும் சுரண்டிவிட்டு, இரண்டு பாகமும் ஒரே நிறமாகும்வரை உறையணிந்த ஈரக்கையால் பிசைந்து, ஓட்டையின் விளிம்பைத் தாண்டிப் பரவும்படி அழுத்திப் பிடிக்க வேண்டும். அலையில் ஹல் (படகின் வெளிக்கூடு) நெளியும், இறுகிய புட்டி நெளியாது. அதனால் ஓரத்தில்தான் முதல் விரிசல் விழும். பாலியூரித்தேன் சீலன்ட், ஹல்லைத் துளைத்துப் போகும் குழாய்ப் பொருத்துகளுக்கு அருமையானது. வெறும் ஓட்டைக்கு அது தீர்வல்ல. சிலிகான் பக்கமே போக வேண்டாம். கழன்றாலும் அதன் படலம் மிஞ்சி, அடுத்து எதையும் ஒட்டவிடாது.

ஃபைபர் துணி போடும் நிரந்தர வேலையில் பலரும் கஞ்சத்தனம் காட்டுவது சரிவில், அதாவது ஓட்டையைச் சுற்றி ஹல்லை விளிம்பை நோக்கி மெலிந்துகொண்டே போகும்படி அரைப்பதில். புது ஃபைபர் பழையதோடு உருகிக் கலப்பதில்லை, ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே ஒட்டும் பரப்புதான் பலம். ஹல்லின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும். 6 மி.மீ. கனத்துக்குச் சுற்றிலும் 72 மி.மீ. அதாவது 25 மி.மீ. ஓட்டை, கிட்டத்தட்ட 170 மி.மீ. வட்டப் பள்ளமாகிவிடும். மனசு வராதுதான், ஆனாலும் அரைத்தே ஆக வேண்டும். அரைப்பதற்கு முன்பே அசிட்டோனால் துடைக்கவும். இல்லாவிட்டால் மேலுள்ள மெழுகை உப்புத்தாளே உள்ளே தேய்த்துவிடும். தூசுக்குச் சரியான மாஸ்க் கட்டாயம்.

அடுத்த எதிரி ஈரம். பள்ளத்தின் மேல் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி வெயிலில் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்தால் இன்னும் காயவில்லை. இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் பால்சா என்ற லேசான கட்டை வைத்த ஹல் என்றால், நனைந்த கட்டையைக் காய்ந்த பகுதி வரும்வரை வெட்டியெடுக்க வேண்டும்.

உள்பக்கம் பேக்கிங் டேப் சுற்றிய பலகையைத் தாங்கலாக வைத்து, சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பைஆக்சியல் துணியை (இழைகள் இரண்டு திசையில் ஓடும் ஃபைபர் துணி) ரெசினில் நனைத்து அடுக்கினால் 6 மி.மீ.க்குச் சுமார் 8 அடுக்கு பிடிக்கும். முதலில் பெரிய துண்டைப் போடுவதே என் கட்சி: ஒரே துணி சரிவு முழுவதையும் பற்றிக்கொள்ளும். சாதாரண மேட் (துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) இங்கே வேண்டாம். அதன் இழைகளைக் கட்டியிருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரின் என்ற கரைப்பானில் கரையும், எபாக்சியில் கரையாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டினால் ரெசின் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலந்ததைக் குவளையில் விடாமல் தட்டையான தட்டில் ஊற்றுங்கள், குவளைக்குள் சூடேறிப் புகைந்துவிடும்.

இறுகிய பின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் பூக்கலாம். உப்புத்தாள் போடும் முன் வெறும் தண்ணீராலும் தேய்ப்பு நாராலும் கழுவவும். மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் எபாக்சிப் பூச்சில் மைக்ரோபலூன் (உள்ளே வெற்றிடமான நுண்ணுருண்டைத் தூள்) கலந்தால் நாளடைவில் நீர் ஊறும். கொலாய்டல் சிலிகா என்ற நுண்தூள் கலந்தால் அரைப்பது கடினம், ஆனால் நிலைக்கும். எபாக்சிக்கு மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் (படகின் வழவழப்பான வெளிப்பூச்சு) ஒழுங்காக இறுகாமல் போகக்கூடும் என்பதால் எபாக்சித் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பாசி தடுக்கும் பெயின்ட் என்று முடிப்பது நல்லது.

அடுத்த முறை கரையேற்றும்போது ஒட்டு முழுவதையும் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் ‘டொப்’பென்று மந்தமாகக் கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது, மேலே பூசி மறைக்காமல் அந்த இடத்தை மறுபடி அரைத்தெடுக்க வேண்டும்.