வன்னியில் ஓர் இலவச இதயப் பரிசோதனை: அளப்பது திறம், விளக்குவது அரைகுறை

கண்டி வீதியிலிருந்து கிரவல் பாதையில் ஆறு கிலோமீற்றர் உள்ளே போனால் வருகிற எங்கள் பகுதி வைத்தியசாலையில், கிழமைக்கு ஒரு நாள் காலையில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் நடக்கிறது. நோய் வந்தபின் கொப்பியோடு போகிற கிளினிக் அல்ல இது. வருத்தம் ஒன்றும் தெரியாதவர்களை அழைத்து, இன்னும் பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வருவதற்கு எவ்வளவு சாத்தியம் உண்டு என்று கணித்துச் சொல்லும் இலவசச் சேவை. காலபோக அறுவடை முடிந்த கையோடு, 57 வயதான என் அண்ணாவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.

குருதி அமுக்கம் பார்த்த விதத்துக்காகவே இந்தச் சேவைக்கு நல்ல பெயர் கொடுக்கலாம். சைக்கிள் மிதித்து வந்த களையோடு அண்ணா கதிரையில் அமர்ந்து கையை நீட்டினார். தாதி பட்டியைச் சுற்றவில்லை. "ஐயா, அஞ்சு நிமிசம் சும்மா இருங்கோ, பிறகு பாப்பம்" என்றார். கால்மேல் போட்டிருந்த காலை இறக்கி நிலத்தில் ஊன்றச் சொன்னார், முதுகைச் சாய்க்கச் சொன்னார், சேர்ட் கையைச் சுருட்டி இறுக்க விடாமல் கழற்றவே சொன்னார், கை நெஞ்சளவுக்கு வரும்படி மேசையில் ஒரு சீலையை மடித்து வைத்தார். அண்ணா நெல் விலை பற்றித் தொடங்கியதும் "கதைக்கக் கூடாது, ஏறும்" என்று சிரித்தபடி நிறுத்தினார். இரண்டு தடவை எடுத்த அளவுகளின் சராசரி 148க்கு 88. முந்திய மாதம் நகரத்தில் ஒரு தனியார் இடத்தில், வந்த வேகத்திலேயே நிற்கவைத்துப் பார்த்தபோது இதே மனிதருக்கு 162 காட்டியது. பணம் கொடுத்த இடத்தில் கிடைக்காத ஐந்து நிமிடம் இங்கே கிடைத்தது.

"வயசுக்கு ஏத்த பிரஷர்தானே" என்று அண்ணா அப்போதும் சொன்னார். ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பிரமிங்ஹாம் என்ற நகரில் 1948 இல் தொடங்கி, 5209 பேரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுதான் அந்த நம்பிக்கையை உடைத்து, வயதோடு ஏறும் அமுக்கம் இயல்பானதல்ல, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் அது முன்னோடி என்று காட்டியது.

குறை கேள்விப் படிவத்தில் தொடங்குகிறது. "புகைக்கிறனீங்களோ, ஐயா?" "இல்லைப் பிள்ளை, வெத்திலை மட்டுந்தான்." படிவத்தில் 'இல்லை' என்று விழுந்தது. அண்ணாவின் வெற்றிலையில் புகையிலை இல்லாத நாளே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வில், புகையிலையை மெல்லுவோருக்கு மாரடைப்புச் சாத்தியம் மெல்லாதவரைவிட ஏறத்தாழ 2 மடங்கு என்று 2006 இலேயே தெரிந்துவிட்டது. புகை வந்தால்தான் புகையிலை என்று படிவம் நினைத்தால், வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு குறைவான வன்னியில் அது பலரைத் தவறவிடும். தாதி இன்னுமொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று தோன்றினாலும், கட்டம் இல்லாத இடத்தில் அவர் எதை எழுதுவார்?

கணிப்பு நடப்பது சுவரில் ஒட்டியிருக்கும் நிற அட்டவணையைக் கொண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் திருத்திய அட்டவணை அது. உலகை 21 பிரதேசங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணித்திருக்கிறார்கள். இந்தியா தெற்காசியாவுக்குள் போக, இலங்கையைத் தாய்லாந்து, இந்தோனேசியாவோடு தென்கிழக்காசியாவில் சேர்த்திருக்கிறார்கள். வயது, பால், புகைத்தல், மேல் அமுக்கம் (அண்ணாவின் 148க்கு 88 இல் அந்த 148) ஆகியவற்றோடு, இரத்தப் பரிசோதனை உண்டானால் கொலஸ்ட்ரோலும் நீரிழிவும் சேரும். இல்லாவிட்டால் அவை இரண்டுக்கும் பதிலாக, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் திணிவுச் சுட்டி மட்டும். மன அழுத்தத்துக்கு அதில் இடமில்லை. இன்டர்ஹார்ட் கண்ட 9 முக்கிய காரணிகளில் அதுவும் ஒன்று. 2009 இல் போரில் இருந்ததெல்லாவற்றையும் விட்டு மெனிக் பாம் அகதி முகாம் வரை போனவர்களை வரிசையில் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையைப் பார்க்கும்போது, இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று கொலஸ்ட்ரோல் பார்க்க வசதி இல்லை. வெளியில் எடுத்து வரச் சொன்னார்கள். விரல்நுனியில் எடுத்த வெறும் வயிற்றுச் சீனி 151. மறுபடியும் பார்த்துத்தான் நீரிழிவு என்று முடிவு சொல்லலாம் என்று வைத்தியர் துண்டு எழுதினார். ஆகவே உடல் திணிவுச் சுட்டியை வைத்தே கட்டம் பார்த்தார்கள். மஞ்சள். "மஞ்சள்தான் ஐயா, பயமில்லை" என்றதோடு அடுத்தவரின் பெயர் கூப்பிடப்பட்டது. அண்ணா சோதினை பாஸான பிள்ளையைப் போல வெளியே வந்தார்.

என் பெரிய முறைப்பாடு இதுதான். மஞ்சள் என்றால் 5 முதல் 10 வீதத்துக்குள். அதாவது இதே வயது, இதே அமுக்கம் உள்ள 100 பேரை நிறுத்தினால், பத்து வருடத்தில் அவர்களில் 5 பேருக்காவது மாரடைப்போ பாரிசவாதமோ வரும். அந்த ஐவரில் அண்ணா உண்டா இல்லையா என்பது அட்டவணைக்குத் தெரியாது, ஏனெனில் அது கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர ஆளைப் பற்றி அல்ல. அதைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொல்வது சாதகம் பார்த்துப் பலன் சொல்வது போலாகிவிடும். ஆபத்துக் கூடிய சிவப்பில் நிற்பவர் சிலர், மஞ்சளில் நிற்பவர் பலர். மஞ்சளில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து சிறிதானாலும், தலைகள் கூடியதால் மொத்த மாரடைப்புகளில் பெரும் பங்கு அந்தப் பலரிடமிருந்தே வரக்கூடும் என்று ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரித்தானிய அறிஞர் 1985 இல் விளக்கியிருக்கிறார்.

உப்பைப் பற்றிச் சொன்ன விதத்துக்கு முழுப் புள்ளி. நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்பதை எந்தக் கறிச் சட்டியில் அளப்பது? தாதி அண்ணியிடம் கேட்டது வேறு: "வீட்டில எத்தினை பேர்? உப்புப் பக்கெற் எத்தினை நாளைக்கு வரும்?" நாலு பேருக்கு 400 கிராம் பக்கெற் குறைந்தது 20 நாள் வரவேண்டும். எங்கள் வீட்டில் பத்து நாள் தாண்டாது, அதுவும் கருவாட்டையும் மோர் மிளகாயையும் கணக்கில் எடுக்காமல்.

நேரம் ஆண்களுக்குத் தோதாக இல்லை. அன்று வந்திருந்த 17 பேரில் ஆண்கள் நாலு பேர்தான். வயலுக்கும் கூலிக்கும் போகிற நேரத்தில் எவர் வருவார்? மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒரு நாள் வைத்தால் வரிசை மாறும்.

மூன்று கிழமைக்குப் பின் கொலஸ்ட்ரோல் அறிக்கையோடு போனோம். இரண்டாம் தடவையும் சீனி கூடித்தான் இருந்தது. நீரிழிவைச் சேர்த்த அட்டவணையில் பார்த்தபோது கட்டம் செம்மஞ்சளுக்கு, அதாவது 10 முதல் 20 வீதத்துக்குள், போய்விட்டது. ஆள் அதே ஆள்தான். "பிள்ளை, போனமுறை பாஸ் எண்டல்லோ நான் போனனான்" என்றார் அண்ணா. தாதி பேனையை வைத்துவிட்டு, துண்டுக் கடதாசி ஒன்றில் பத்துப் பத்தாக நூறு புள்ளி போடத் தொடங்கினார். வெற்றிலையைப் பற்றி இந்தத் தடவை நானே சொன்னேன்.