வரப்பில் நின்றே மோட்டார் போட: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. வீட்டிலிருந்து கிணறு அறுநூறு மீட்டர் இருக்கும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்தபடி வரப்பில் நடக்க வேண்டும். சிம் போட்ட ஸ்டார்ட்டர் ஊரில் பலரிடம் இருக்கிறது. ரீசார்ஜ் முடிந்த அன்றைக்கு அதுவும் படுத்துவிடும். அதனால்தான் ரேடியோ ரிமோட் தேடினேன்.

முதலில் வாங்கியது 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மலிவு ரிமோட். பெட்டியில் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. நிஜத்தில் பாதி வரப்பு தாண்டினால்தான் கேட்டது. இந்த அலைவரிசையில் நம் நாட்டில் 10 மில்லிவாட்டுக்கு மேல் கூடாது, அதைச் சொல்லிக் குறையில்லை. ஆனால் ஒரு மதியம் பக்கத்துத் தோப்பு மாமா போன் செய்தார்: “தம்பி, உங்க வாய்க்கா நெறஞ்சு என் வாழைக்குள்ள தண்ணி வருது, மோட்டாரை நிப்பாட்டுங்க.” நான் மோட்டாரே போடவில்லை! அவரும் அதே ரிமோட்டை வாங்கியிருக்கிறார். அவர் பட்டனை அமுக்கினால் என் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிறது.

பிரித்துப் பார்த்தேன். சிப்பில் குறியீட்டுக்கென்று எட்டுக் கால்கள். ஒவ்வொன்றையும் பிளஸ்ஸில் சேர்க்கலாம், மைனஸில் சேர்க்கலாம், சும்மாவும் விடலாம். ஆக 6,561 விதம். எங்கள் இரண்டு ரிமோட்டிலும் எட்டுமே சும்மா கிடந்தன. ஒரு சொட்டு ஈயம் வைத்திருந்தால் வாழைக்குள் தண்ணீர் போயிருக்காது.

அப்புறம்தான் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் லோரா வகை (குறைந்த சக்தியிலேயே வெகுதூரம் எட்டும் ரேடியோ முறை) ரிமோட் ஜோடி ஒன்றை வாங்கினேன், 6,800 ரூபாய். கடைப் பையன் முதலில் எடுத்துக் காட்டியது 915 மெகாஹெர்ட்ஸ் மாடல், ஆயிரம் ரூபாய் குறைவு. வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை யாரும் பயன்படுத்தலாம். இங்கே 890 முதல் 915 வரை நம் செல்போன்கள் டவருக்குப் பேசும் இடம். தோப்பு ஓரத்தில் டவர் நிற்கும்போது அங்கே போய்க் கத்தக் கூடாது இல்லையா? நமக்கு லைசென்ஸ் இல்லாமல் விட்டிருப்பது 865-867; 2005-லேயே திறந்தார்கள், 2021-ல் 868 வரை நீட்டினார்கள். டிரான்ஸ்மிட்டர் ஒரு வாட் வரை போகலாம். பெட்டியின் அடியில் 865-867 என்றும் ஈ.டி.ஏ. எண்ணும் (ரேடியோ கருவிக்கு அரசு தரும் ஒப்புதல் எண்) அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

சரி, எப்படி இருக்கிறது? அமுக்கினால் இரண்டு மூன்று வினாடி கழித்துப் பச்சை விளக்கு எரிகிறது. ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து பதில் வந்தால்தான் அந்த விளக்கு எரியும். ஓடுகிறதா இல்லையா என்ற சந்தேகமே இல்லை. பழைய ரிமோட்டில் இது கிடையாது. வீட்டுத் திண்ணையிலிருந்து மழை நாளிலும் எடுக்கிறது.

குறையும் உண்டு. ஆன்டெனா ஒயர் ஒரு முழம்கூட இல்லை. மோட்டார் ரூமின் தகரக் கூரைக்குள் வைத்தபோது சுத்தமாகக் கேட்கவில்லை. வெளியே பிவிசி குழாயில் ஏற்றிக் கட்டினேன். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் இல்லாமல் எறும்பு கூடு கட்டிவிட்டது. கையேடு முழுக்க ஆங்கிலம். லைசென்ஸ் இல்லாத அலைவரிசை என்பதால், யாராவது குறுக்கே வந்தால் போய்ப் புகார் செய்யவும் வழியில்லை, நாம்தான் சானலை மாற்றிக்கொள்ள வேண்டும். இதுவரை மாற்ற வேண்டி வரவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

மாமாவும் இதையே வாங்கப் போகிறாராம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஐடி நம்பரை, அதாவது ரிமோட்டின் குறியீட்டை, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.