ஆயிரம் கஜம் படுத்துச் சுட ஒரு தோல் ஸ்லிங்

இங்கிலாந்தில் சர்ரேயில் இருக்கும் பிஸ்லி ரேஞ்சில் டார்கெட் ரைஃபிள் சுடுகிறவர்களுக்கு முட்டுக்கால் கிடையாது, மணல் மூட்டை கிடையாது, ஸ்கோப்பும் கிடையாது. குப்புறப் படுத்து, இரண்டு முழங்கையையும் ஒரு பட்டையையும் நம்பித்தான் .308 ரைஃபிளைத் தாங்க வேண்டும். அந்தப் பட்டைதான் ஸ்லிங்: ஒரு முனை புஜத்தில், மறுமுனை ரைஃபிளின் முன்பக்கத்தில். ரேஞ்சை ஒட்டியிருக்கும் ஒரு கடையில் வாங்கிய தோல் ஸ்லிங்கைப் போட்டுக்கொண்டு போன சீசன் முழுக்கச் சுட்டேன். நூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்திருக்கிறது.

என்.சி.சி. முகாமில் .22 சுட்டவர்கள், ஐந்தாறு குண்டுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்கலாம். இங்கே நிலைமை வேறு. ஒரே டார்கெட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவோம். ஒவ்வொரு குண்டுக்கும் டார்கெட் கீழே இறங்கும். டார்கெட்டுக்கு அடியில் பள்ளத்தில் இருப்பவர்கள் குண்டு பட்ட இடத்தில் அடையாளத் தட்டைச் செருகித் திரும்ப ஏற்றுவார்கள். ஏறியதும் அடுத்தவருக்கு 45 விநாடி. சோதனைக் குண்டு இரண்டு, கணக்கில் சேரும் குண்டு 15 என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடக்க வேண்டும். பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1000 கஜம் என்பது 914 மீட்டர். நடு வட்டமோ இரண்டடி அகலம். குழல் முனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அங்கே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளிப் போய்விடும். கையின் தசையை நம்பினால் பாதி வழியிலேயே நடுக்கம் வந்துவிடும்.

இந்த ஸ்லிங்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது புஜத்தில் மாட்டும் வளையம். நல்ல அகலம். உள்பக்கம் சொரசொரப்பான ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். கான்வாஸ் ஜாக்கெட்டின் மேல் ஒருமுறை இறுக்கினால் கடைசிக் குண்டு வரை ஒரு விரற்கடை கூடச் சரிவதில்லை. வளையம் சரிந்தால் ரைஃபிளும் இறங்கும், குண்டும் இறங்கும். நாம் காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்போம். துளைகளுக்கு எண் போட்டிருப்பது இன்னொரு வசதி. எனக்கு ஏழு. தடித்த ஸ்வெட்டர் போட்ட நாளில் ஆறு.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பக்கிள் புஜத்தின் உள்பக்கம் வந்தால் அங்கே ஓடும் தமனியை அழுத்தும். குழல் முனையில் இருக்கும் ஃபோர்சைட் (முன்குறி) வளையம் இதயத் துடிப்போடு சேர்ந்து மேலும் கீழும் குதிப்பது கண்ணுக்கே தெரியும். பக்கிளை வெளிப்பக்கம் திருப்பி, வளையத்தை அக்குளை ஒட்டி மேலே ஏற்றுங்கள். துடிப்பு அடங்கிவிடும். பட்டை சரியான நீளத்தில் இருந்தால் இடது கை விரல்கள் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. உள்ளங்கை ஹேண்ட்ஸ்டாப்பில் (ரைஃபிளின் அடியில் இருக்கும் கைத்தடுப்பில்) முட்டிக்கொண்டு சும்மா திறந்து கிடக்கும்.

எவ்வளவு நல்ல ஸ்லிங்காக இருந்தாலும் படுக்கை கோணலாக இருந்தால் பிரயோஜனமில்லை. நான் உடம்பைக் குழலுக்குச் சற்றே இடப்புறம் சாய்த்துப் படுத்து, வலது முழங்காலை மேலே இழுத்துக்கொள்வேன். வயிறு பாயில் அழுந்தாது, மூச்சு தாராளமாக வரும். பிறகு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறந்து பார்ப்பேன். குறி வலப்பக்கமோ இடப்பக்கமோ போயிருந்தால் ரைஃபிளைத் தள்ளவே கூடாது. இடது முழங்கையை ஊன்றிய இடத்திலேயே விட்டு, இடுப்பை நகர்த்த வேண்டும். சரியாக அமைந்ததா என்று உதைப்பு சொல்லிவிடும்: குதித்து அடங்கிய ரைஃபிள் தானாக உங்கள் டார்கெட்டுக்கே திரும்ப வரணும். பக்கத்து டார்கெட்டில் போய் நின்றால், ட்ரிகரை அழுத்தும்போது ரைஃபிளைத் தசையால் இழுத்துப் பிடித்திருந்தீர்கள் என்று அர்த்தம்.

குறையும் உண்டு. புதிதில் தோலின் விளிம்பு விறைப்பாக இருந்து, பின்னங்கையில் தடம் பதிக்கும். பழக ஒரு மாதம் பிடிக்கும். சர்ரே மழையில் நனைந்தால் தோல் கொஞ்சம் நீளுகிறது, அன்றைக்கு ஒரு துளை இறுக்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி மழையில் சுடுகிறவர்கள் நீளாத செயற்கைப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே அந்தக் கடையில் வாங்கிய பாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழங்கை ஊன்றும் ரப்பர் துண்டு மழமழவென்று இருக்கிறது, ஈரத்தில் வழுக்குகிறது.

புதிதாகச் சேருகிறவர்கள் விலையுயர்ந்த பின்குறியில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் குறியில்) பணத்தைப் போடுவதற்கு முன்னால் ஸ்லிங்கை வாங்குங்கள். உங்கள் ஜாக்கெட்டையும் கையுறையையும் கடைக்கே எடுத்துப் போய், தரையில் படுத்து, மாட்டிப் பார்த்து வாங்குங்கள். எங்கள் கடைக்காரர் அதற்கென்றே ஒரு மூலையில் பாய் விரித்து வைத்திருக்கிறார். இடது கைக்காரர்களுக்கு வளையம் தனி வகை, முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.