கம்பைன் அறுவடை இயந்திரங்கள்: தாளை என்ன செய்கின்றன?

கம்பைன் வாங்க வருபவரிடம் விற்பனையாளர் முதலில் சொல்வது குதிரைத்திறன். அடுத்தது தானியத் தொட்டியின் கொள்ளளவு. இரண்டும் தேவையான தகவல்கள்தான், ஆனால் ஒரு வடிவமைப்பை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துபவை அவை அல்ல. கதிரிலிருந்து தானியத்தை உதிர்ப்பது எல்லா இயந்திரங்களுக்கும் கைவந்த வேலை. உதிர்ந்த தானியம் தாளோடு, அதாவது பயிரின் தண்டோடு, சிக்கி, பின்வாய் வழியாக வயலுக்கே திரும்பிவிடாமல் தடுப்பதுதான் பெரும்பாடு. அதனால் தாளைக் கவனித்து ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மரபான அமைப்பில் கதிரடிக்கும் உருளை, வண்டி போகும் திசைக்குக் குறுக்காக இருக்கிறது. அதன் அடியில் வளைந்த கம்பித் தட்டான கான்கேவ். இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய இடைவெளியில் பயிர் ஒரே பாய்ச்சலில் நுழைந்து வெளியேறுகிறது. கோதுமைக்கு உருளையின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் வேகத்தில் சுழலும். இந்த ஒரே கடப்பில் 70 முதல் 90 சதவீதத் தானியம் கான்கேவின் துளைகள் வழியே இறங்கிவிடுகிறது. மிச்சத்தை மீட்பது ஸ்ட்ரா வாக்கர்களின் பொறுப்பு. நீளமான இந்தத் தட்டுகள் பெரும்பாலான வண்டிகளில் நான்கு முதல் ஆறு வரை இருக்கும். முறத்தில் புடைப்பதுபோல் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் மணிகளைக் கீழே விழவைக்கின்றன.

இங்கே வேலை செய்வது புவியீர்ப்பு மட்டுமே என்பதுதான் இதன் பலவீனம். தாள் மெல்லிய படலமாக வரும்வரை இழப்பு மிகக் குறைவு. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டம்வரை ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் இழப்பு செங்குத்தாக ஏறும். பச்சைத்தாள், பனி ஈரம், களை மிகுந்த வயல் என்றால் அந்தக் கட்டம் இன்னும் சீக்கிரம் வரும். சரிவான நிலத்தில் தாள் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்க வாக்கர்கள் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் வெளியே விழும் தாளைப் பாருங்கள்: நீளமாக, முறியாமல், கட்டுக் கட்டுவதற்கு ஏற்றபடி கிடக்கும். எரிபொருள் செலவும் குறைவு. கால்நடைத் தீவனத்துக்கோ படுக்கைக்கோ வைக்கோல் வேண்டுபவர் இந்த அமைப்பைப் பழையது என்று ஒதுக்கிவிடக் கூடாது. (இந்த வாக்கர்களின் பேரிங்குகள் பல வண்டிகளில் எண்ணெயில் ஊறவைத்த மரக்கட்டைகள். இத்தனை மின்னணுக் கருவிகளுக்கு நடுவே மரம் இன்னும் நிலைத்திருப்பது வேடிக்கைதான்.)

இதற்கு நேர் எதிரானது ரோட்டர் என்னும் நீண்ட சுழல் உருளை. நியூ ஹாலண்ட் நிறுவனம் 1975-இல் இரட்டை ரோட்டர் வண்டியையும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1977-இல் 'ஆக்சியல் ஃப்ளோ' என்ற ஒற்றை ரோட்டர் வண்டியையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. பயிர் நீள்வாட்டத்தில் கிடக்கும் ரோட்டரைச் சுற்றிச் சுருளாகப் பலமுறை சுழன்றபடி பின்னோக்கி நகர்கிறது. அடிப்பதைவிடத் தேய்ப்பதே அதிகம். மணிகளை வெளியே தள்ளுவது மையவிலக்கு விசை. அது புவியீர்ப்பைவிடப் பல மடங்கு வலிமையானது. எனவே வாக்கர்களே தேவையில்லை. தானியமும் குறைவாகவே உடையும். மக்காச்சோளமும் சோயாவும் மிகுதியாக விளையும் வட அமெரிக்காவில் ரோட்டர் வேகமாக வேரூன்றியதற்கு இது முக்கியக் காரணம்.

இதற்கான விலை தாளில் தெரியும். காய்ந்த தாள் சுழன்று சுழன்று நொறுங்கிக் கூளமாகிவிடும். அந்தக் கூளம், தானியத்தைச் சுத்தம் செய்யும் சல்லடைமேல் கொட்டும். வாக்கர் வண்டியில் நெரிசல் வாக்கரில் என்றால், ரோட்டர் வண்டியில் அது பெரும்பாலும் சல்லடைக்கு இடம் மாறுகிறது. விற்பனைக் கையேடுகள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஈரமான நீளத் தாள் இன்னொரு தொல்லை: கயிறாக முறுக்கிக்கொண்டு எஞ்சினின் பலத்தை உறிஞ்சிவிடும். மேலும் ரோட்டருக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். உள்ளே பயிர் போதுமான அளவு இருந்தால்தான் தானியமும் தானியமும் உரசிக்கொண்டு உதிரும். பாதி வெறுமையாக ஓட்டினால் மென்மை என்ற சிறப்பே போய்விடும். மெதுவாக ஓட்டினால் நல்லது என்று வாக்கர் வண்டியில் பழகியவர் ரோட்டர் வண்டியில் அதையே செய்து, உடைந்த மணிகளைப் பார்த்துக் குழம்புவார்.

இரண்டையும் இணைத்த கலப்பு வடிவமும் உண்டு. முன்னால் குறுக்கு உருளை, பின்னால் வாக்கருக்குப் பதிலாக நீள்வாட்ட ரோட்டர்கள். கிளாஸ் நிறுவனத்தின் லெக்சியன் வரிசையின் பெரிய வண்டிகள் இந்த வகை. ஈரப்பதம் மிகுந்த, விளைச்சல் அடர்ந்த கோதுமை வயலில் இது மற்ற இரண்டையும் மிஞ்சும் என்பது என் கருத்து. ஆனால் இது பெரிய பரப்புக்கான இயந்திரம். பராமரிக்க வேண்டிய பாகங்களும் அதிகம். சிறிய பண்ணைக்கு வீண் சுமை. ரோட்டரைக் குறுக்காக வைக்கும் கிளீனர் (Gleaner) வண்டிகள் போன்ற வடிவங்களும் இருக்கின்றன. தத்துவம் ரோட்டருடையதே என்பதால் தனியாக நீட்டி எழுத வேண்டியதில்லை.

நெல் வேறு கதை. அதை ஈரம் 20 முதல் 25 சதவீதம் இருக்கும்போதே அறுப்பது வழக்கம். தாளும் பச்சையாகவே இருக்கும். வரிப்பட்டைகள் கொண்ட உருளையைவிடப் பற்கள் கொண்ட உருளை இங்கே நன்றாகப் பிடித்து உதிர்க்கும். சேற்று நிலத்தில் டயர் வண்டி புதையும், செயின் வண்டி எடையைப் பரப்பித் தாங்கும். சாலையில் போக அதற்கு இன்னொரு வண்டி வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாள் பிரச்சினையை வேரிலேயே தவிர்க்கும் இரண்டு வழிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, ஜப்பானில் 1960-களில் உருவான கதிர்முனை ஊட்டும் வண்டி. தாளைச் சங்கிலியால் பிடித்துக்கொண்டு கதிரை மட்டும் உருளைக்குள் நீட்டுகிறது. வைக்கோல் முழுசாக வெளியே வரும், எஞ்சினும் சிறியது போதும். வேகம் குறைவு, நெல், கோதுமை போன்ற பயிர்களைத் தாண்டி உதவாது. மற்றொன்று, உருவி அறுக்கும் முன்பகுதி. 1980-களில் இங்கிலாந்தின் சில்சோ ஆய்வு நிலையத்தில் உருவான இது, விரல்கள் பதித்த உருளையால் கதிரிலிருந்து மணிகளை உருவியெடுத்துத் தாளை நின்றபடியே விட்டுவிடுகிறது. இயந்திரத்துக்குள் போகும் சுமை வெகுவாகக் குறைவதால் வாக்கர் வண்டிகூட வேகமெடுக்கும். பிறகு வைக்கோல் வேண்டுமானால் தனியாக அறுக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு இது பயன்படாது.

எந்த வண்டியானாலும் வாங்குமுன் வயலில் ஓட்டிப் பார்த்து, பின்னால் விழுந்த மணிகளை எண்ணுங்கள். ஆயிரம் கோதுமை மணிகள் ஏறக்குறைய 40 கிராம். வயல் முழுதும் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 100 மணிகள் கிடந்தால் எக்டேருக்கு 40 கிலோ போகிறது என்று பொருள். அறுக்கும் அகலத்துக்கு வந்த இழப்பெல்லாம் பின்னால் குறுகிய வரிசையில் குவிந்து விழும். அங்கே எண்ணியதை அகல விகிதத்தால் வகுக்க மறந்தால், நல்ல வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.